காரில் உதிக்காத சூரியன்

கோடி ரூபா கொடுத்து இறக்கிய ஜப்பான் காரில் கொழும்பு வானொலி ஏன் கேட்பதில்லை?

மாலை ஐந்தரை மணி. வெள்ளவத்தைச் சந்தையடியில் காலி வீதி அடைத்துக்கொண்டு நிற்கிறது. சிவப்பு விளக்கில் ஒரு வெள்ளை ஹைபிரிட் கார். வந்து இரண்டு மாதம்கூட ஆகியிராது. பின் இருக்கையின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. கிளப்பியபோதே ஒரு ஜப்பானியப் பெண்குரல், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று பணிவாக அறிவித்தது. அந்த அட்டை செல்லுபடியாகும் வீதியோ ஆறாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. இப்போது சாரதி வானொலியில் சூரியன் எஃப்.எம். நிலையத்தைத் தேடுகிறார். திரையில் எண்கள் ஓடுகின்றன. 76.0இல் தொடங்கி 88 வரை வெறும் இரைச்சல். அதைத் தாண்டியதும் ஒரு சிங்களப் பாட்டு, கொஞ்சம் தள்ளி ஓர் ஆங்கில விளம்பரம். 95.0 வந்ததும் எண் சறுக்கி மறுபடி 76.0க்கே போய்விடுகிறது. பக்கத்தில் உரசுவதுபோல நிற்கும் ஆட்டோவில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மலிவு ப்ளேயர் ஒன்று தமிழ்ப் பாட்டைத் துல்லியமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. காரின் கண்ணாடி மெல்லக் கீழே இறங்குகிறது. கோடி ரூபா வாகனம் ஆட்டோவின் வானொலியை ஓசியில் கேட்கிறது.

வாகன இறக்குமதி மறுபடி திறந்துவிடப்பட்ட பிறகு கொழும்பில் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடுகளில் ஒன்று இது. அன்டெனா பழுது என்று ஒருவர் சொல்வார். அடுக்குமாடிகள் மறைக்கின்றன என்பார் இன்னொருவர். தமிழ் நிலையங்களின் ஒலிபரப்பே வலுவில்லை என்று தீர்ப்பு எழுதுகிறவர்களும் உண்டு. மூன்றிலும் சிறிதளவு உண்மை இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன காட்சியிலேயே அந்த மூன்றுக்கும் மறுப்பும் இருக்கிறது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆகாயம். அன்டெனா பழுதென்றால் சிங்களப் பாட்டும் கேட்டிருக்கக் கூடாது. கட்டடம் மறைத்தால் ஆட்டோவுக்கும் மறைத்திருக்கும். கேட்காமல் போனது 95க்கு மேற்பட்டவை மட்டும். அலை வாசல் வரை வந்து நிற்கிறது; பெட்டிக்குள்தான் கதவு இல்லை.

ஜப்பான் காது

இலங்கையின் எஃப்.எம். ஒலிபரப்பு, இந்தியாவையும் ஐரோப்பாவையும் போல, 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சில் நடக்கிறது. ஜப்பானோ தனி வழி போனது. அங்கே எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்தது. காரணம் பிடிவாதம் அல்ல. 90 முதல் 108 வரையான இடத்தில் அந்த நாட்டுத் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் குடியிருந்தன. 1969இல் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. முறையான எஃப்.எம். சேவையைத் தொடங்கியபோது, தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த இடத்தில்தான் அதற்குப் பாய் விரிக்க முடிந்தது. 2011 யூலையில் பழைய அனலொக் தொலைக்காட்சியை ஜப்பான் பெரும்பாலும் நிறுத்தியது. காலியான இடத்தில் ஒரு பகுதியை 2014 கடைசியிலிருந்து வானொலிக்குக் கொடுத்து, எல்லையை 95 வரை நீட்டியது. அதனால் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்களின் வானொலி 90இலும், பின்னால் வந்தவற்றில் பல 95இலும் நின்றுவிடுகின்றன.

இந்த 95 என்ற எல்லைதான் ஆளை ஏமாற்றுவது. முன்பு வந்த காரில் ஏறக்குறைய எதுவுமே கேட்காது; வாங்கியவருக்கு முதல் நாளே விஷயம் விளங்கிவிடும். இப்போதைய காரில் 88க்கும் 95க்கும் இடைப்பட்ட நிலையங்கள் வெகு சுத்தமாகக் கேட்கின்றன. பெட்டி வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. சூரியன், சக்தி என்று 1998இல் பிறந்து இன்றுவரை கொழும்புத் தமிழர் காதில் பழகிய நிலையங்களோ நூறைத் தாண்டித்தான் இருக்கின்றன. அவை கேட்கவில்லை என்றதும் பழி நிலையத்தின் மீது விழுகிறது. பாதி வேலை செய்யும் கருவி, முழுதாகப் பழுதான கருவியைவிட அதிகம் குழப்பும்.

இந்தக் கார்கள் இங்கே வந்து குவிவதற்குக் காரணம் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஜப்பானும் அப்படியே. அவர்கள் கழிக்கும் வாகனம் நமக்குப் புதிது. 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஐந்தாண்டு வறட்சிக்குப் பின் மழை பெய்ததுபோல வாகனம் வந்து இறங்கியது. அந்த ஐந்தாண்டில் பழைய கார்களும் கைமாறிக் கைமாறி, உள்ளே என்ன ஒட்டுப்போடப்பட்டது என்று யாருக்கும் தெரியாத நிலைக்கு வந்துவிட்டன. இந்தியாவில் செய்த சுசுகி ஆல்டோவில் இந்தப் பிரச்சினையே இல்லை. அதன் வானொலி 108 வரை கேட்கப் பிறந்தது. இப்போது வரும் சீன மின்கார்களும் அப்படித்தான், சீனாவின் வீச்சும் 87 முதல் 108. விலை ஏற ஏறக் காது மந்தமாவது ஜப்பான் வண்டியில் மட்டும்.

┌ பெட்டி: 14க்குள் 20 அடங்காது ┐
ஜப்பானின் பழைய வீச்சு 76–90, அகலம் 14 மெகாஹேர்ட்ஸ். புதிய வீச்சு 76–95, அகலம் 19. இலங்கையினது 87.5–108, அகலம் இருபதரை. இந்த இடைவெளியை நிரப்பவென்று காரில் மாட்டும் எக்ஸ்பாண்டர் வெறும் கழித்தல் கருவி: 20 கழிப்பதென்றால் 103.6இல் வரும் நிலையம் 83.6இல் கேட்கும். ஆனால் 96க்குக் கீழே இருப்பவை 76க்கும் கீழே போய்த் தொலைந்துவிடும். 12 கழித்தால் 88 முதல் 102 வரை கிடைக்கும்; 103 கிடைக்காது. எதைக் கழித்தாலும் பழைய பெட்டியில் ஏதோ ஒரு பகுதி வெளியே நிற்கும்.
└────────┘

எக்ஸ்பாண்டர் என்னும் ஒட்டு

வானொலி கேட்கவில்லை என்று விற்பனையாளரிடம் போனால் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று. "ஒரு எக்ஸ்பாண்டர் போட்டா சரி." தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. அன்டெனாக் கம்பியை வானொலியிலிருந்து கழற்றி இதில் செருகி, இதன் வாலை வானொலியில் செருகி, ஒரு சிவப்புக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்தால் வேலை முடிந்தது. பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் கால்மணி நேரத்தில் மாட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு பளிங்குச் சில்லு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்கிறது. வரும் அலையோடு அந்த அதிர்வைக் கலந்து, வித்தியாசத்தை வானொலிக்கு அனுப்புகிறது. எளிய கணக்கு, மலிவான பொருள். அது பயனற்றது என்று சொல்ல வரவில்லை. பழைய வெகன் ஆர் ஒன்றில் இரண்டு மூன்று நிலையம் கேட்டால் போதும் என்பவருக்கு அது போதும்தான். ஆனால் அதைத் தீர்வு என்று விற்பதுதான் தவறு.

ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்பாண்டர் நன்றாக வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கழிக்காத அலை எதுவும் அதைத் தாண்டி வானொலிக்குள் நேரே நுழையக் கூடாது. கிராமப்புறத்தில், நிலையங்கள் தூரத்தில் இருக்கும்போது, இது ஓரளவு நடக்கும். கொழும்பில் நடப்பது கடினம், ஏனென்றால் இங்கே அலை அவ்வளவு பலம். 12 கழிக்கும் டப்பாவில் 101இல் வரும் நிலையம் 89க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அதே 89இல் உண்மையாகவே ஒரு நிலையம் பக்கத்தில் ஒலிபரப்பினால், அதன் அலை மலிவு டப்பாவின் தடுப்பைக் கசிந்து வந்து அதே எண்ணில் உட்கார்ந்துவிடும். எஃப்.எம். முறைக்கு ஒரு குணம் உண்டு: ஒரே எண்ணில் இரண்டு வந்தால், பலமானது மற்றதை முழுதாக விழுங்கிவிடும். கார் நகர நகர எது பலம் என்பது மாறுகிறது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் தமிழ்ச் செய்தியாக இருந்தது மருதானையில் சிங்கள நாடகமாகி, பொரளையில் மறுபடி செய்தியாவது இதனால்தான். சாரதிக்கு அது பேய் பிடித்த பெட்டி. கணக்குத் தெரிந்தவருக்கு அதிசயம் ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கடமும் அந்தப் பளிங்குக்குள் இருக்கிறது. 20 மெகாஹேர்ட்ஸில் அதிரும் சில்லு, தன் மடங்குகளிலும் மெல்ல முனகும்: 40, 60, 80, 100. வானொலி 80இல் கேட்க முயலும்போது, அதாவது 100இல் உள்ள நிலையத்தைத் தேடும்போது, பக்கத்திலேயே இருக்கும் டப்பாவின் முனகல் அதை அமுக்கிவிடும். 15 கழிக்கும் டப்பா என்றால் அதே கதை 105க்கும் 90க்கும். மற்ற நிலையம் எல்லாம் கேட்கும், வேண்டிய ஒன்று மட்டும் கேட்காது. அன்டெனாவை மாற்றுவார்கள், பூஸ்டர் போடுவார்கள், இரண்டாவது டப்பாவும் வாங்குவார்கள். புதிய டப்பாவில் வேறு எண் அடித்த சில்லு இருந்தால் திடீரென்று சரியாகிவிடும். அந்தக் கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வரும்.

ஜப்பான் வண்டிகளை மலிவாக வாங்கி ஓட்டும் நியூசிலாந்திலும் இதே டப்பாவும் இதே தலைவலியும் உண்டு. நமக்கு மட்டும் விதித்த விதி அல்ல.

அன்டெனாவையும் விட்டுவிட முடியாது

எல்லாப் பழியையும் 95இன் மீது போட்டுவிட்டு, உண்மையான அன்டெனாக் கோளாறை மறைப்பதும் நியாயமில்லை. எல்லா நிலையமும் ஒரே மாதிரி இரைந்தால் அது வீச்சுப் பிரச்சினை அல்ல, அன்டெனாவின் பிரச்சினை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக இரவெல்லாம் நிற்கும் வாகனங்களின் கூரைமேல் உப்புக்காற்று படிகிறது. அன்டெனாவின் அடியில், ரப்பர் வளையத்துக்குக் கீழே, தகட்டோடு தொடும் இடம் பச்சை பூத்துத் துருவேறும். அன்டெனா என்பது நிமிர்ந்து நிற்கும் கம்பி மட்டுமல்ல. கூரைத் தகடும் அதன் மறுபாதி. அந்தத் தொடுப்பு அறுந்தால் கம்பி எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பிரயோசனம் இல்லை. கூரையில் பசையால் ஒட்டிய சுறாத்துடுப்பு வடிவ அலங்காரத்தை அன்டெனா என்று நம்பி, உள்ளதைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. அதற்குள் கம்பியே இராது.

இதைவிட நுட்பமான தவறு, பெட்டியை மாற்றும்போது நடப்பது. ஜப்பான் வீச்சோடு மல்லுக்கட்ட விரும்பாமல் அண்ட்ரொய்ட் ப்ளேயர் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். சரியான முடிவுதான், அதன் வானொலி 108 வரை போகும். ஆனால் பல ஜப்பான் கார்களில் அன்டெனா என்பது பின்கண்ணாடியில் மெல்லிய கோடாக அச்சிட்டிருக்கும் இழை, அல்லது கூரையில் ஒரு குட்டைக் குச்சி. தனியாக அதற்கு அலை போதாது. பக்கத்தில் ஒரு சிறிய பெருக்கி இருக்கும். அந்தப் பெருக்கிக்கு 12 வோல்ட் வேண்டும். பழைய பெட்டி அதைக் கொடுத்துவந்தது. புதிய ப்ளேயரில் அதற்கென்று இருக்கும் நீலக் கம்பியைச் சுற்றி டேப் ஒட்டி உள்ளே தள்ளிவிட்டால், பெருக்கி செத்துக் கிடக்கும். கேட்டுக்கொண்டிருந்த சிங்களப் பாட்டும் போய்விடும். சில வண்டிகளில் மின்சாரம் அன்டெனாக் கம்பி வழியாகவே போகவேண்டும், அதற்குத் தனி இணைப்பி தேவை. புதிய ப்ளேயர் போட்ட பிறகு வானொலி மோசமானால் முதலில் பார்க்கவேண்டியது இந்த ஒற்றை நீலக் கம்பியைத்தான்.

அடுக்குமாடிகளின் பங்கைப் பொறுத்தவரை, அது உண்மை, ஆனால் அதற்குத் தனி அடையாளம் உண்டு. 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடும், அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். இடைவெளி ஒன்றரை மீற்றருக்குள் அடங்கிவிடும். அதனால்தான் சிவப்பு விளக்கில் நிற்கும்போது இரைகிற வானொலி, கார் அரைவாசி நீளம் முன்னே நகர்ந்ததும் தெளிகிறது. நகர்ந்தால் மாறுவது கட்டடத்தின் வேலை. எவ்வளவு நகர்ந்தாலும் மாறாதது பெட்டியின் வேலை.

┌ பெட்டி: கராஜுக்குப் போகுமுன் ┐
நிலையம் தேடும் எண் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். 90 அல்லது 95இல் திரும்பினால் அன்டெனாவில் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். 108 வரை ஏறியும் எல்லாம் இரைந்தால் காலிமுகத்திடல் போன்ற வெளியில் நிறுத்திக் கேளுங்கள். அங்கும் இரைந்தால் அன்டெனா, அல்லது பெருக்கி. இஞ்சினை நிறுத்தியதும் தெளிந்தால் கோளாறு வண்டியின் மின்னோட்டத்தில். டேஷ்கேமராவையும் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சார்ஜரையும் கழற்றிப் பாருங்கள், மலிவானவை எஃப்.எம். வீச்சிலேயே சத்தம் போடும். பற்றறியைக் கழற்றச் சொன்னால் யோசியுங்கள்: சில ஜப்பான் பெட்டிகள் பூட்டிக்கொண்டு சங்கேத எண் கேட்கும்.
└────────┘

"இந்தக் காலத்தில் யார் வானொலி கேட்கிறார்?"

இதுதான் இந்த விவாதத்தில் வரும் பெரிய ஆட்சேபம். கையில் தொலைபேசி, காரில் புளூடூத், உலகத்துப் பாட்டெல்லாம் விரல்நுனியில். 95க்கு மேல் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? பாட்டு மட்டும்தான் விஷயம் என்றால் இந்த வாதத்துக்குப் பதில் இல்லை. ஆனால் கொழும்புத் தமிழர் வானொலியைப் பாட்டுக்காக மட்டும் திறப்பதில்லை. வீதி மறித்திருக்கிறார்களா, நாளை பாடசாலை உண்டா, எரிபொருள் விலை மாறியதா, யாருடைய மரண அறிவித்தல் வந்தது என்று கேட்கவும் திறக்கிறார்கள். இவை நாம் தேடிப் போகாமலே நம்மைத் தேடி வரும் செய்திகள். நாம் கேட்டதை மட்டும் தரும் தொலைபேசி அதைச் செய்யாது.

இரண்டாவது, தொலைபேசியின் பலம் கோபுரத்தின் மின்சாரத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போயின. களனி கங்கை பெருகிக் கொழும்பின் புறநகரும் வெள்ளத்தில் நின்றது. அப்படிப்பட்ட இரவில், மின்சாரம் இல்லாத வீட்டில், பல குடும்பங்களுக்கு மிஞ்சும் ஒரே வானொலி முற்றத்தில் நிற்கும் காரில்தான் இருக்கிறது. கார்ப் பற்றறி மணிக்கணக்கில் அதை ஓட்டும். தூரத்துக் குன்றில் நிற்கும் ஓர் ஒலிபரப்புக் கோபுரம் ஜெனரேற்றரில் ஓடினாலே ஒரு மாவட்டத்துக்குப் போதும். அந்த நேரத்தில் கார்ப் பெட்டி 95இல் திரும்பிவிடுமானால், எந்த நிலையத்தின் எச்சரிக்கை கேட்கும், எதனுடையது கேட்காது என்பதைத் தீர்மானிப்பது ஜப்பானியத் தொலைக்காட்சியின் பழைய இட ஒதுக்கீடு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது உண்மை. யாரும் திருத்தவும் இல்லை.

இந்த ஊர் பிறர் கருவியைத் தனக்கேற்ப வளைக்கத் தெரியாத ஊர் அல்ல. முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் பாகங்களை வைத்துத்தான் எட்வர்ட் ஹாப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியாளர் இங்கே பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார் என்பது வானொலி வரலாற்றில் பதிவான செய்தி. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பின்னாளில் அதன் தமிழ்ச் சேவை பாக்குநீரிணை தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் புகுந்தது. வேறு அலை, வேறு காலம்தான். ஆனாலும் நூற்றாண்டைக் கடந்த அந்த ஒலிபரப்பின் வாரிசுகள் இன்று அதே ஊரின் காருக்குள் நுழைய முடியாமல் நிற்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

யார் திருத்துவது?

வாங்கியவர் தலையில் கட்டுவது இதுவரை நடந்த வழி. அது நியாயம் என்பவர்கள் சொல்லும் காரணம், வாகன விலை ஏற்கெனவே எட்டாத உயரத்தில் இருக்கிறது, இன்னொரு நிபந்தனை போட்டால் இன்னும் ஏறும் என்பது. கணக்குப் பார்த்தால் இது நிற்காது. ஒரு கோடியைத் தாண்டும் வாகனத்தில் முழு வீச்சு வானொலிக்கான செலவு, அதன் நான்கு டயரின் விலையைக்கூட எட்டாது. அந்தச் செலவு இப்போதும் யாரோ ஒருவர் பையிலிருந்துதான் போகிறது: முதலில் அன்டெனா, பிறகு பூஸ்டர், பிறகு டப்பா, கடைசியில் ப்ளேயர் என்று நாலு தவணையாக.

செலவே இல்லாத வழியும் சில வண்டிகளில் உண்டு. இன்றைய வானொலிச் சில்லுகளுக்கு நாடு கிடையாது. சிலிக்கன் லேப்ஸ் நிறுவனம் உருவாக்கிய எஸ்.ஐ.47 வரிசைச் சில்லுகளில் பல 64 முதல் 108 வரை கேட்க வல்லவை. ஒரே சில்லை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போடுகிறார்கள். 95இல் நிறுத்துவது மென்பொருளில் இட்ட நாட்டுக் குறியீடு. பெட்டியின் வகையைப் பொறுத்து அந்தக் குறியீட்டைத் தெரிந்த கைகள் மாற்றிவிடலாம். மாற்ற முடியாத வகைக்குப் பெட்டியைத்தான் மாற்றவேண்டும். எது எந்த வகை என்று நூற்றுக்கணக்கில் இறக்குகிற இறக்குமதியாளருக்குத்தான் தெரியும், ஒற்றைக் காரை வாங்கும் ஆளுக்குத் தெரியாது. பொறுப்பு அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம். அலைவரிசையைப் பங்கிட இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. பொருளின் தரத்தைக் கேட்க, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 87.5 முதல் 108 வரை கேட்கும் வானொலியோடுதான் வாகனம் கைமாற வேண்டும் என்று ஒரு வரி எழுத இரண்டில் எது முன்வந்தாலும் சரி.

அந்த வரி வரும்வரை வாங்குகிறவர் கையில் ஒரு சின்ன ஆயுதம் இருக்கிறது. வாகன விற்பனை நிலையத்தில் பெயின்றைத் தட்டிப் பார்த்து, மைலேஜ் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த பிறகு, உள்ளே உட்கார்ந்து வானொலியைத் திறந்து, எண்ணைக் கையால் ஏற்றிக்கொண்டே போகவேண்டும். 107 வரை போய் அங்கே ஒரு நிலையம் பேசினால் நல்லது. 95இல் சறுக்கி 76க்குத் திரும்பினால், முற்பணம் எண்ணுவதற்கு முன் விலையைப் பற்றி இன்னொரு முறை பேசலாம்.